வேணுமா, வேணாமா

பட்டாளத்தில் இருந்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களெல்லாம் உம்மாவின் பெயருக்குத்தான் போயின. ஆனால் ஒன்றுகூட உம்மாவுக்காக எழுதியதல்ல. உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் படித்த அரபு எழுத்தும், அதே எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும்தான் தெரியும். ஆகவே என் கடிதம் வந்தால், அடுத்த வளவுப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார், மறுமொழியும் அவளைக்கொண்டே எழுதுவிப்பார். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் எழுதினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்தவன் நான். கொண்டுபோய் வடக்கே ஷெல் சத்தத்துக்கு நடுவில் விட்டார்கள். எனக்கு நல்லாய் வேணும்! மண் மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ‘வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்காமல் எனக்கு விடிவதேயில்லை உம்மா’ என்று அளந்தேன். எந்த மகன் உம்மாவுக்கு அப்படி எழுதுவான்? அதைவிடப் பெரிய கூத்து, தமிழில் எழுதினால் அதிகாரிக்கு முன்னால் நின்று வரிவரியாகச் சிங்களத்தில் சொல்லிக் காட்டவேண்டும். கப்பி வந்த இடத்தில் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கப்பிக்கு எண்ணெய் போடச் சொல்லி எழுது என்றார்.

ஒரு நாள் உம்மாவின் கையெழுத்திலேயே அரபுத்தமிழில் ஒரு கடிதம் வந்தது. ஓதின காலத்தில் படித்ததையெல்லாம் நான் மறந்திருந்தேன். எழுத்துக்கூட்டி முடிக்க அரை நாள் போனது.

‘மகன், இத அந்தப் புள்ளைட்ட எழுதச் சொல்ல ஏலா. அவட வாப்பா உன்னை மாப்பிள்ளை கேட்டு வந்தார். எனக்கெண்டால் நல்ல விருப்பம். உனக்கு வேணுமா வேணாமா, ஒரு சொல்லில எழுது. நோன்புக்கு முந்தி மறுமொழி சொல்லோணும். இல்லாட்டி சாய்ந்தமருதுல ஒரு கடைக்கார மாப்பிள்ளைக்குக் குடுக்கப் போறாங்களாம். தமிழில எழுதிப்போடாத, அவதான் வாசிப்பா.’

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சோற்றில் கறி என்று நினைத்துத் தேத்தண்ணீரை ஊற்றினேன், ஊற்றியதைச் சாப்பிட்டும் முடித்தேன். துவக்கை மறந்துவிட்டு வெறுங்கையோடு காவலுக்குப் போய் ஏச்சு வாங்கினேன். ஏசியவரைப் பார்த்தும் சிரித்தேன். நோன்புக்கு மூன்று கிழமை இருந்தது. கடிதங்களைக் கொண்டுபோகும் வாகனம் மறுநாள் காலையில் புறப்படும், அதை விட்டால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது.

வெடிமருந்துப் பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து எழுத உட்கார்ந்தேன். அரபுத்தமிழில் வேணுமுக்கும் வேணாமுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நடு எழுத்துக்கு மேல் சின்னதாக ஒரு வளைவு போட்டால் வேணும். பக்கத்தில் நேராக ஒரு கோடு இழுத்தால் வேணாம். சுகம் விசாரித்து நாலு வரி எழுதினேன். கடைசியில் அந்தச் சொல்லை எழுதும்போது தூரத்தில் ஷெல் விழுந்து பெட்டி ஒரு குலுங்குக் குலுங்கியது. நான் இருந்த சந்தோசத்தில் அதையெல்லாம் யார் பார்த்தது? மை காய ஊதினேன், மடித்தேன்.

அதிகாரி கடிதத்தை விரித்தார். அரபெழுத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, இது உங்கள் வேதமா என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. ‘உம்மாவுக்கு சேர்’ என்றேன். இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமையும் பைத்தியக்காரன் மாதிரித் திரிந்தேன். செத்துவிடக்கூடாது என்று அவ்வளவு ஆசையோடு நான் ஒரு நாளும் இருந்ததில்லை, எல்லாரையும்விடத் தலையைப் பதித்து நடந்தேன். நோன்பும் வந்தது. மறுமொழி வரவில்லை. கடைக்கார மாப்பிள்ளையின் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்பதுபோல நினைத்து நினைத்து எனக்கு வயிறெரிந்தது.

நாலாம் நோன்பன்று கடிதம் வந்தது. தமிழெழுத்து, அவளுடைய கை.

‘அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கடிதத்தில ஒரேயொரு சொல்ல மட்டும் காட்டி, மத்ததெல்லாம் கையால பொத்திக்கொண்டு, இது என்ன சொல்லெண்டு மாமி என்னட்டக் கேட்டா. அவட கண்ணுக்கு வேணாம் எண்டு தெரிஞ்சதாம், ஒரே அழுகை. நானும் ஓதினவள்தானே, வேணும் எண்டு வாசிச்சுக் குடுத்தன். மாமி உடனே எங்கட வாப்பாட்டச் சொல்லிட்டா. பிழையெண்டால் வந்து சொல்லுங்க. சரியெண்டாலும் வந்து சொல்லுங்க.’

நான் போட்ட கூச்சலில் ரெண்டு பேர் பதுங்குகுழிக்குள் பாய்ந்துவிட்டார்கள். நேரே அதிகாரியிடம் ஓடி லீவு கேட்டேன். எதற்கு என்றார். ‘கடிதத்தில ஒரு எழுத்துப்பிழை சேர், திருத்தோணும்’ என்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும். பெருநாளைக்குப் பத்து நாள் தந்தார்.

அந்தப் பத்து நாளைக்குள்ளேயே நிக்காஹ்வும் முடிந்தது. ஊர் வழக்கப்படி நான் அவள் வீட்டுக்குக் குடிபோனேன், வேலியைத் தாண்டினால் சரி. மறுநாள் உம்மாவின் பெட்டியிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்தேன். வளைவாவது மண்ணாவது! அளவுகோல் வைத்துக் கீறினதுபோல ஒரு கோடு. குருடனுக்கும் அது வேணாம்தான்.

கடிதத்தோடு கிணற்றடிக்கு ஓடினேன்.

‘ஏன் புள்ள, இத எப்படி நீ வேணும் எண்டு வாசிச்ச?’

அவள் கப்பிக் கயிற்றை விடவில்லை.

‘வேணுமெண்டுதான்’ என்றாள்.