சொட்டு அக்கா

டயருக்குக் காற்று பார்க்கும்போது சொட்டு அக்கா யாரிடமும் பேசுவதில்லை. வண்டிக்கு நான்கு, பின்னால் இழுத்துப் போகும் குதிரைப் பெட்டிக்கு நான்கு, உதிரியாக ஒன்று. ஒன்பது டயரையும் குந்தியபடியே சுற்றி வருவார். காற்றுமானியை வால்வில் அழுத்தி, முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பார். உதடு மட்டும் அசையும். ஒன்பதும் முடிந்ததும் முதல் டயருக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை அழுத்துவார்.

"இப்பதானேக்கா பார்த்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்ப பார்த்தது அப்ப" என்றார்.

ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு. நெற்றியில் எப்போதும் இரண்டு கோடுகள். குதிரைகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். குதிரை நிற்கும் பெட்டியைக் கொக்கி போட்டு இழுப்பது ஆளுயர எஸ்யூவி. பெட்ரோல் குடிப்பதில் அதை மிஞ்ச அந்த வட்டாரத்தில் வண்டி கிடையாது. தனியாக ஓடினால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். வெறும் பெட்டியை மாட்டினால் ஆறு. குதிரை ஒன்று ஏறினால் ஐந்து, இரண்டு ஏறினால் நாலரை. இதையெல்லாம் அக்கா எழுதி வைப்பதில்லை. கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். எதிர்காற்று அடித்தால் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அத ஏன் இப்ப வாயால சொல்லிக்கிட்டு?"

வண்டி கூரையில் இருந்த இரும்புச் சட்டத்தை, காற்றைத் தடுக்கிறது என்று கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டார். வேண்டாத ஸ்பானர் ஒன்றுகூட வண்டியில் ஏறாது. பட்டறைக்காரர்கள்தான் அவருக்கு 'சொட்டு' என்று பெயர் வைத்தவர்கள். அக்காவுக்கு அதில் கோபமில்லை. "ஆமா, சொட்டுதான். ஒரு சொட்டு குறைஞ்சா நடுரோட்டுல நிக்கிறது அவங்களா, நானா?"

தையல்காரரான அவர் கணவர் வேறு மாதிரி. எதையும் சிரித்தே கடத்திவிடுவார். "ஊர் சுத்திப் பார்க்கலாம்னு ஒருதடவ கூட வரேன்னேன் தம்பி. 'நீங்க ஏறினா கால் லிட்டர் கூட ஆகும், வீட்டுல இருங்க'ன்னுட்டா. எம்பத்தாறு கிலோவுக்கு என்னைத் தள்ளி வச்சவ உலகத்துலயே இவ ஒருத்திதான்." அவர் சிரிக்கும்போது அக்கா சமையலறையில் காஸ் சிலிண்டரைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கைப்பேசியில் சார்ஜ் எண்பதுக்குக் கீழே இறங்கினால் அவருக்கு உட்கார முடியாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

வண்டியின் முகப்பில், 'இன்னும் இவ்வளவு தூரம் ஓடும்' என்று எண் காட்டும் சின்னத் திரையின் மீது ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். கொக்கியைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு கோடை மதியம். பெட்டியில் இரண்டு குதிரைகள். திரை நூற்றிருபது என்று காட்டியது, போகவேண்டியது எண்பது. நம்பிப் புறப்பட்டார். அந்த எண், முந்தின நாள் வண்டி தனியாக ஓடிய கணக்கில் வந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. பாரம் ஏறியதும் எண் மளமளவென்று சரிந்தது. மரமில்லாத மேட்டுநிலத்தின் நடுவே வண்டி இரண்டு முறை உதறிவிட்டு நின்றது. வேறொரு வண்டி வந்து பெட்ரோல் கொடுக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. குதிரைகளை இறக்கி நிழலில் கட்ட நிழல் என்று ஒன்று அங்கே இல்லை. தகரப் பெட்டி அடுப்பாகிவிட்டது.

"வயசான பழுப்புக் குதிரை ஒண்ணு. மொதல்ல காலால தட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் தட்டல. தட்டுறது கூட பரவால்ல தம்பி. தட்டாம இருக்கிறதுதான்..."

அதற்குப் பிறகு, தொட்டி முக்கால் நிறையாமல் அவர் பெட்டியைப் பூட்டியதில்லை. கேனில் கொஞ்சம் எடுத்துப் போகலாமே என்றதற்குத் தலையை ஆட்டினார். "பின்னால வைக்கோலு. வெயில்ல கேனு ஆவி விடும். நெருப்ப மடியில கட்டிக்கிட்டு ஓட்டச் சொல்றீங்களா?"

அவரைப் பற்றி எழுதுவதற்காக ஒரு நடை கூடப் போக அனுமதி கேட்டிருந்தேன். "எடை என்ன?" என்றார். அறுபத்தெட்டு என்றேன். "பையோடயா?" என்றார். பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

நாங்கள் போக நினைத்த அன்று பயணமே இல்லாமல் போயிருக்க வேண்டியது. ஊர் பங்க்கில் இரண்டு நாளாகப் பெட்ரோல் இல்லை. வரவேண்டிய டேங்கர் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது. அக்காவின் தொட்டியில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, நாற்பத்திரண்டு லிட்டர் இருந்தது. பெட்டியைப் பூட்டவில்லை. காலை பத்து மணிக்கு, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஆசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். அவருடைய வெள்ளைப் பெண்குதிரை விடியற்காலையிலிருந்து தரையில் புரள்கிறதாம். குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது, மூன்று மணி நேரத்துக்குள் கத்தி வைத்தால்தான் உண்டு என்று விலங்கு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை நூற்றறுபது கிலோமீட்டர். அதுவரை வழியில் ஒரு பங்க்கூடக் கிடையாது. அதே மேட்டுநிலம்.

அக்காவின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். "வேற வண்டி பாருங்களேன்" என்றார்.

"பார்த்துட்டுத்தாங்க வரேன். யாருமில்ல. உங்க கால்ல வேணா விழறேன்."

அக்கா வண்டியின் மேல் கைவைத்து நின்றார். நூற்றறுபதை ஐந்தால் வகுக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. முப்பத்திரண்டு லிட்டர். பத்து மிச்சம். "காத்து இல்லாம இருக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கொக்கியைப் பூட்டினார். அன்றைக்கும் ஒன்பது டயரையும் பார்த்தார். ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

குதிரையைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். முன்சீட்டில் ஆசிரியர், பின்னால் நான். ஏசி கிடையாது, அது பெட்ரோல் குடிக்கும். கண்ணாடியும் மூடியிருந்தது, திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும். எண்பதில் போனோம். பின்னால் குதிரை பெட்டிச் சுவரை உதைக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி முழுவதும் அதிர்ந்தது.

மேட்டுநிலம் ஏறியதும் சாலையோரப் புல் எல்லாம் எங்களை நோக்கிப் படுத்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் காற்று வண்டியின் நெற்றியில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. பெட்டியின் அகன்ற முகம் அத்தனை காற்றையும் வாங்கிக்கொண்டது. எஞ்சின் உறுமியது. பெட்ரோல் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஐம்பதாவது கிலோமீட்டரில் அக்கா காலைத் தளர்த்தினார். எண்பது எழுபதாகி, அறுபதாகி, ஐம்பத்தைந்தில் நின்றது.

"என்னங்க பண்றீங்க?" ஆசிரியர் கத்தினார்.

"இந்த வேகத்துல போனா பாதியில நின்னுடுவோம்."

"மெதுவாப் போனா செத்துடும்ங்க! முள்ளு இன்னும் மேலதானே இருக்கு? இவ்வளவு ஓடும்னு இதுலயே காட்டுமே!" என்று அவர் கையை நீட்டிக் கறுப்பு டேப்பைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

திரையில் தொண்ணூற்றிரண்டு. எதிரே வந்த மைல்கல்லில் நூற்றைந்து.

ஆசிரியர் கையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அக்காவின் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். அந்த வெளியில், அந்த வெயிலில், பின்னால் ஓர் உயிரை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டவன் நான்.

"அத மூடிடுங்க" என்றார் அக்கா. "அது பொய். இதுவரைக்கும் வேகமா வந்தத வச்சு சொல்லுது. நான் இப்ப மெதுவாப் போறேன்."

ஆசிரியர் மூடவில்லை. கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்தார். மைல்கல் நூறு என்றது. திரை தொண்ணூற்றிரண்டிலேயே நின்றது. மைல்கல் தொண்ணூற்றைந்து. திரை தொண்ணூற்றொன்று.

"குறையவே இல்லயே" என்றார் ஆசிரியர், தனக்குத்தானே. அதன்பிறகு வேகமாகப் போகச் சொல்லி அவர் கேட்கவில்லை. வேகம் குறைந்துவிட்டதால் கண்ணாடியை இறக்கிக்கொள்ள அக்கா அனுமதித்தார். வேர்வை காய்ந்தது, பயம் காயவில்லை.

இன்னும் முப்பது இருக்கும்போது பின்னால் உதைப்பது நின்றது.

மூவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். ஆசிரியர் திரும்பி மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்க்க முயன்றார். பெட்டியின் வெள்ளை முகப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நிறுத்துங்க. ஒரு நிமிஷம். இறங்கிப் பார்த்துடறேன்."

"நிறுத்தி எடுத்தா அந்தப் பாரத்த மறுபடி நகர்த்தணும். மேடு வருது. பெட்ரோல் பத்தாது."

"செத்துப்போச்சான்னாவது தெரியணும்ல?"

"நிக்குது" என்றார் அக்கா. "கால் மாத்துனா சீட்டுல தெரியும். இப்ப மாத்துச்சு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி உட்கார்ந்தார். மேடு தொடங்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் எண் மளமளவென்று இறங்கி, பதினைந்துக்குக் கீழே போனதும் எண்ணே இல்லாமல் இரண்டு கோடுகளாகிவிட்டது. அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டிக்கொண்டாரா, வகுத்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் உதறப் போகிறது என்றே காத்திருந்தேன். உச்சி வந்தது. இறக்கத்தில், கியரிலேயே, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டியை வழிய விட்டார். "இப்ப ஒரு சொட்டும் குடிக்காது" என்றார்.

மருத்துவமனை வாசலில் ஒரு மணி. பெட்டியின் கதவை இறக்கினார்கள். வெள்ளைக் குதிரை சுவரோடு சாய்ந்து நின்றது. உடம்பெல்லாம் நனைந்து, தலை முழங்காலுக்குத் தொங்கியது. ஆனால் நின்றது. ஆசிரியர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா சீட்டை விட்டு இறங்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். "நெசமாவே சீட்டுல தெரிஞ்சுதாக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகினார். "இல்ல தம்பி" என்றார். "முப்பது கிலோமீட்டரும் ஒண்ணும் தெரியல."

நான்கு மணிக்கு ஆசிரியர் வெளியே வந்தார். ஓர் அடிக் குடலை வெட்டி எடுத்துவிட்டார்களாம், பிழைத்துக்கொள்ளும். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. "உங்கள அடிச்சுட்டு நானே ஓட்டிடலாமான்னு நெனச்சேங்க" என்றார். அழுதார். அக்கா அவர் தோளைத் தட்டினார். பிறகு, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

பக்கத்து பங்க்கில் தொட்டியை நிரப்பினோம். எண்பத்தெட்டு லிட்டர் கொள்ளும் தொட்டியில் எண்பத்தேழு ஏறியது. அக்கா மீட்டரை இரண்டு முறை படித்தார். காலி தொட்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு லிட்டர் இருந்திருக்கிறது.

ஆசிரியர் குதிரையோடு தங்கிவிட்டார். வெயில் சாயும் நேரத்தில் நாங்கள் இருவரும் திரும்பினோம். தொட்டி நிறைய பெட்ரோல், பெட்டி காலி, காலையில் எதிர்த்த காற்று இப்போது முதுகில் தள்ளியது. சாலை நேராகக் கிடந்தது. அக்கா ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஆறேழு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார்கள். "அக்கா, இப்ப கொஞ்சம் வேகமாப் போலாமே" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை வெளியே நீட்டி, முன்னால் போங்கள், போங்கள் என்று அவர்களை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்.