பறை கேட்டால் வெளியே ஓடு

எதற்கு அஞ்ச வேண்டும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதன்பின் அந்தக் குழந்தைக்கு நேர்வதற்கெல்லாம் பொறுப்பா? நன்னிலம் பக்கத்துச் சேரியில் வாழ்ந்த அம்சத்தின் வாழ்க்கை இதைத்தான் கேட்கிறது.

அம்சம் நடவுக்குப் போகிறவள். வயலுக்குப் போகும் வழியில் சேரிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவாள். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. இங்கே மிராசுதார்கள் மாறவில்லை. கூலி கூட்டிக் கேட்ட ஊர்களில் அடியாட்கள் இறங்கினார்கள். போன அறுவடையில் பக்கத்து ஊர்க் குடிசை ஒன்று எரிந்தது. உள்ளே ஒளிந்தவர்கள் வெளியே வரவில்லை.

அடியாட்கள் வந்தால் பறை அடிப்பது என்று சேரியில் முடிவானது. அம்சம் பிள்ளைகளைப் பழக்கினாள்.

"பறை கேட்டா?"

"வெளிய ஓடுவோம் அத்தை!"

"எங்க?"

"வயலுக்கு! நெல்லுக்குள்ள குந்திக்குவோம்!"

"யாரு கூப்பிட்டாலும்?"

"உள்ள போவ மாட்டோம்!"

நாகம்மாளின் மகன் மருதையன் கை தூக்கினான். "ஓடுறப்ப மூத்திரம் வந்தா அத்தை?"

"ஓடிக்கிட்டே பேஞ்சுக்க ராசா."

எல்லோரும் சிரித்தார்கள்.

ஆற்றுக்கரை உடைந்தாலும் பறைதான் அடிப்பார்கள், உடைப்பை அடைக்க வைக்கோலும் முளைக்குச்சியுமாக ஊரார் ஓடிவர. பெரியவர்களுக்கு அது தெரிந்த பழக்கம். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அம்சத்துக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்கும்தான் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் கரை உடைந்தது. பறை முழங்கியது. பள்ளிக்கூடம் இருந்தது மேட்டில். வெள்ளம் வந்தால் ஊரே ஏறி நிற்கும் மேடு. பிள்ளைகள் அந்த மேட்டை விட்டு, வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த வயலுக்குள் இறங்கி ஓடினார்கள். அம்சத்தின் மகள் பவுனு மருதையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வரப்போரத்து ஒதிய மரத்தை எட்டிப் பிடித்தபோது இன்னொரு கையில் அவன் இல்லை.

"கதவ மறிச்சுக்கிட்டு நின்னேன் அம்சம்," என்றார் குஞ்சிதபாதம் வாத்தியார். "'அத்தை சொல்லியிருக்கு சார்'னு கால் இடுக்குல பூந்து போயிட்டாங்க."

நாகம்மாள் சண்டைக்கு வந்திருந்தால் அம்சத்துக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் வரவில்லை. "ஒம்மேல குத்தம் இல்லக்கா. எஞ்சொல்லக் கேக்காத புள்ள, நீ சொன்னதக் கேட்டான்," என்றாள்.

அடுத்த ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. யார் எதைப் புதிதாகச் சொல்லிக் கொடுப்பது என்று ஊர் பேசவில்லை. பேசியிருந்தாலும் அதற்கு அடுத்த ஆபத்து வேறு உருவில் வந்திருக்கும். அம்சம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நாகம்மாளின் இளைய மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பவுனு தலை வாரிக்கொண்டு சிலேட்டோடு வாசலில் நின்றாள். அம்சம் அந்தச் சிலேட்டை வாங்கி இடுப்பில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

"மருதையன் போவாத பள்ளிக்கூடம் ஒனக்கும் வேணாம். நீ நாத்தங்காலுக்குப் போ."

பவுனு அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. வாத்தியார் ஏன் என்று கேட்டார். நாகம்மாளும் வந்து கேட்டாள். அம்சம் அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.