மழையை நிறுத்தச் சொல்லி ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, போன வருடம் மழைக்கு வானம் இருட்டினாலே எனக்கு ஆண்டவர் மேல் கோபம் வரும். சபையில் நின்று இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் சாட்சி என்று வந்துவிட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஜெசிந்தா. லோபாக்கில் குடியிருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று வீடியோ எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கேமரா நான். சத்தம் பதிவு செய்வது என் வீட்டுக்காரர் அருள்.

பெடாஸ் டவுனைத் தாண்டி உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மழை நாளில் மேல் காட்டிலிருந்து மரமும் சேறுமாக வெள்ளம் இறங்கி, ஆற்றோரம் வரிசையாக இருந்த தொழிலாளர் லயத்து வீடுகளை ஆட்களோடு சேர்த்து வாரிக்கொண்டு போனது. தப்பித்தவர்கள் அதே தோட்டத்தில் வேறு லயங்களில் இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசினார்கள். "வெள்ளம் வருதுன்னு முன்னுக்கே சொல்லிட்டாங்களாம் லா. இவங்கதான் டிவி, பீரோ எல்லாம் எடுக்கணும்னு நின்னுட்டாங்களாம்." செத்தவர்கள் மேலேயே பழியா? நடந்தது என்ன என்று அந்த ஜனங்களின் வாயாலேயே ஒரு படம் எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்களுக்குப் பின்னால் கம்பெனியும் இல்லை, டிவி நிலையமும் இல்லை. கல்யாணம் இல்லாத நாட்களில் வேனை எடுத்துக்கொண்டு போவோம். போனால் என்ன நடக்கும் தெரியுமா? எல்லாரும் பவுடர் பூசி, நல்ல சேலை கட்டி, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான். "அதெல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப நல்லா இருக்கோம்மா."

லெட்சுமி அக்கா அதுவும் சொல்லமாட்டார். அந்த வெள்ளத்தில் அவருடைய ஒரே மகள் கவிதா போய்விட்டாள். பள்ளியில் படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்த பிள்ளை. நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பார். மகள் பேச்சை எடுத்தால் மட்டும், "வேற எதாச்சும் கேளு" என்று எழுந்து போய்விடுவார். அவர் பேசாவிட்டால் இந்தப் படமே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இதில் மழை வேறு. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கில் வேறு எதுவும் கேட்காது. மேகம் கறுத்ததுமே அருள் வயர்களைச் சுருட்டிவிடுவார். பாதை சேறாவதற்குள் நாங்கள் பெரிய ரோட்டுக்கு வந்துவிடுவோம். எத்தனை நாள் இப்படிப் பாதியில் திரும்பினோம்! உபவாசம் இருந்தேன். எங்கள் ஜெபக்குழு அக்காமாரிடமும் சொன்னேன். படம் முடியும்வரை மழையைக் கட்டிப்போடும் என்று எல்லாரும் சேர்ந்து கண்ணீரோடு மன்றாடினோம். மழை முன்பைவிட அதிகமாகப் பெய்தது.

ஒருநாள் பெடாஸ் கடைத்தெருவில் வேனை நிறுத்திவிட்டு அழுதேன். "இந்த ஜனங்களுக்கு நியாயம் கேட்கத்தானே போறேன்? அதுக்குக்கூட உதவி செய்யமாட்டீரா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அருள், "விட்டுருவோமா?" என்றார். விடமாட்டேன் என்றேன்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம். வெயில் நன்றாக அடிக்கிறதே என்று நம்பிப் போனோம். மத்தியானம் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. வழக்கம்போல வேனைக் கிளப்பினோம். லயத்து முனையிலேயே சக்கரம் செம்மண் சேற்றில் புதைந்துவிட்டது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் மேட்டில், தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி முன்பு இருந்த வீட்டுக்கு ஓடினோம். இப்போது, வெள்ளத்தில் தப்பித்த சரோஜா அக்கா அங்கே குடியிருக்கிறார்.

நாங்கள் தலை துவட்டி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். குடையில், தார்ப்பாயில், மோட்டார் சைக்கிளில். எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து. ஒருவர் சோற்றுப் பானையோடு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சரோஜா அக்காதான் சொன்னார். "மழ புடிச்சா எல்லாரும் இங்க வந்துருவோம்மா. நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டோம். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இப்படித்தான்."

இத்தனை மாதம் போய் வந்தும் எனக்கு இது தெரியவில்லை. எப்படித் தெரியும்? மழை வரும்போதெல்லாம் நான்தான் ஓடிவிட்டேனே! வெயில் நாளில் அவர்கள் நல்லாத்தான் இருக்கிறார்கள். மழை பெய்தால்தான் அந்த நாள் திரும்பி வருகிறது. அப்போது அவர்களால் பேசாமல் இருக்க முடியவில்லை. கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் லெட்சுமி அக்கா வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கேமரா போடட்டா?" என்று கேட்டேன். வெளியே மழையைப் பார்த்தபடி, "போடு" என்றார். அருள் சின்ன மைக்கை அவர் கழுத்தருகே சேலையில் குத்தி, தன் துண்டால் சுற்றி மூடினார்.

"முன்னுக்கே சொன்னாங்கன்னு டவுன்ல பேசுறாங்கல்ல? நெசந்தான். சொன்னது எம்மக. வேற யாரும் வரல. தண்ணி சத்தம் கேட்டு ரெண்டு பேரும் வெளிய ஓடியாந்துட்டோம். நான்தான் சொன்னேன், பக்கத்து வீட்டுக் கதவ மட்டும் தட்டிட்டு வாடின்னு. அவ ஒரு வீட்டோட நிக்கல. லயம் பூரா தட்டிக்கிட்டே போனா. நான் மேட்டுல நின்னு கூப்புடுறேன், கூப்புடுறேன்... திரும்பி வரல."

அவர் சொல்வதைக் கேட்க அறையில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். சரோஜா அக்கா எழுந்து வந்து கீழே உட்கார்ந்தார். "என் கதவையும் தட்டுனா லெட்சுமி. இத ஒன்கிட்ட சொல்லணும்னு எத்தன தடவ வந்தேன். நீ வாயத் தொறக்கவே விடல." பிறகு இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். லெட்சுமி அக்கா சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். பேச்சு கேட்டது, மழையும் கேட்டது. அருள் சொன்னார், "இந்த மழய எடுத்துட்டா படத்துல ஒன்னுமே இல்ல, ஜெசி." அப்படியே வைத்தோம். அதன் பிறகு மழை நாளாகப் பார்த்துப் போய்ப் படத்தை முடித்தோம்.

முதல் காட்சியைத் தோட்டத்து மண்டபத்திலேயே வைத்தோம். பெடாஸிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டோம். பெடாஸ் ஆட்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போகப் பார்த்தார்கள். அப்போது லெட்சுமி அக்கா முன்னால் போனார். அவருக்கு உடம்பு முடியவில்லையோ என்று நான் பயந்து ஓடினேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு ஜனங்களைப் பார்த்தார்.

"உக்காருங்க. படத்துல கொஞ்சந்தான் இருக்கு. எம்மகளப் பத்தி இன்னும் சொல்லணும்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அன்பானவர்களே, இப்போதும் நான் ஜெபிக்கிறேன். ஆனால் இதை இப்படித்தான் செய்து தரவேண்டும் என்று ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிராக ஏதாவது வந்து நின்றால் உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். அவரை நம்பிக் கொஞ்சம் அங்கேயே இருங்கள். நான் கேட்டபடி அவர் மழையை நிறுத்தியிருந்தால், தன் மகளின் பெயரைச் சொல்லாமலே அந்தத் தாய் இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருப்பார்.