சத்தத்தைக் கட்டிப்போட்ட நூல்

கடலோர ஊரான சுருவிலில் எங்கள் வீட்டில், மகள் படிக்கும் மேசைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி தொங்கியது. இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கியபோது அது தட்டத் தொடங்கியது. சுற்றுக்கு ஒரு தட்டு. டக், டக், டக். மகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தாள். நான் நாளுக்கு நாலு தரம் அறை வாசலில் போய் நின்று மேலே பார்த்தேன்.

"உமக்கு எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் பயம்" என்றார் கணவர். "தண்ணி மோட்டர் உறுமினாப் பயம். கதவு அடிச்சாப் பயம். பிள்ளையையும் பயப்பிடுத்தாதையும்."

உண்மைதான், நான் பயந்தவள். ஆனால் பயந்தவள் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடாது.

அவர் கடற்றொழில் செய்கிறவர். படகில் எது ஆடினாலும் கட்டிப்போடுவார்கள். எண்ணெய்க் கலன் உருண்டால் கட்டு, மீன்பெட்டி மூடி அடித்தால் கட்டு. கடலில் அது சரி. கரைக்கு வரும்வரை தாங்கினால் போதும். வீட்டையும் அவர் அப்படித்தான் பார்த்தார். மேசையில் கதிரையை வைத்து ஏறி, கிழிந்த வலை பொத்துகிற நைலோன் நூலால் கூரைக் கொளுக்கியையும் விசிறித் தண்டையும் சேர்த்து வரிந்து கட்டினார். தண்டிலிருந்த மூடிக் கிண்ணத்தை மேலே தள்ளிக் கட்டை மறைத்தார்.

"இப்ப போடும் பாப்பம்."

போட்டேன். காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எப்பிடி, ரீச்சர்? உம்மட விஞ்ஞானப் புத்தகத்தில இது இருக்கோ?"

நான் சிரித்தேன். அதிர்வைப் பற்றி வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் நான். எது அதிர்கிறது, ஏன் அதிர்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறவள், என் வீட்டில் அதைக் கேட்கவில்லை. மூன்று கிழமை நிம்மதியாக இருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் தண்ணீர் குடிக்க வருவதற்காகக் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பியிருக்கிறாள். விசிறி அப்படியே மேசையில் விழுந்தது. சுழன்றுகொண்டிருந்த இறக்கை அவளுடைய முன்னங்கையைக் கிழித்தது. ஆறு தையல். அவள் இன்னும் ஒரு நிமிடம் அந்தக் கதிரையில் இருந்திருந்தால்... இந்த வசனத்தை நான் இன்னமும் முடித்ததில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "மாதா காப்பாத்திப்போட்டா" என்றார்கள். மாதாவை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் கதிரையில் ஏறிக் கொளுக்கியைப் பார்ப்பது மாதாவின் வேலை இல்லை. அது எங்கள் இரண்டு பேருடைய வேலை.

ஊர்காவற்றுறையிலிருந்து மின்சார வேலை செய்பவர் ஒருவர் வந்தார். முறிந்து விழுந்த கொளுக்கித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கறள் தின்று ஈர்க்கு மாதிரி மெலிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த நைலோன் நூலில் ஒரு இழைகூட அறவில்லை.

"அண்ணை, கட்டேக்க இந்தக் கறளைக் காணேல்லையே?"

"கண்டனான். கடற்கரையில கறள் இல்லாத இரும்பு எங்க கிடக்கு?"

கண்டிருக்கிறார். அது அப்போதுதான் எனக்குத் தெரியும். சொன்னால் நான் பயந்துவிடுவேனாம். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை நிலத்தில் அடித்தேன். கை தவறி விழுந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வந்தவர் கோப்பைத் துண்டுகளைப் பார்க்காதவர் போல என்னிடம் சொன்னார்: "ரீச்சர், ஃபான் கீச்செண்டு கத்தினா உள்ளுக்கு வறண்டுபோச்சு எண்டு அர்த்தம், எண்ணெய் விட்டாக் காணும். முழுசா ஆடினா இறக்கை நெளிஞ்சிருக்கும். மேல இருந்து டக் டக் எண்டு தட்டினா மட்டும் உடனே நிப்பாட்டிப்போட்டுக் கொளுக்கியைப் பாக்கோணும். உப்புக்காத்து வாற வீடு. வருசத்துக்கு ஒருக்கா அந்தக் கிண்ணத்தை இறக்கிப் பாருங்கோ."

"இதை ஆராவது முதலே சொல்லியிருந்தா..." என்று கணவர் தொடங்கினார்.

"ஃபான் சொன்னதுதானே! நீங்கள்தானே அதின்ர வாயைக் கட்டினீங்கள்!"

அவர் குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

கொங்கிறீட் கூரையைத் துளைத்து, மேற்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து, கறள் பிடிக்காத தடித்த கொளுக்கி ஒன்று பூட்டப்பட்டது. மகள் கையில் கட்டோடு வாசலில் நின்றாள். ஒரு கிழமையாக அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. எனக்கும் அவளை உள்ளே வா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லையெண்டா அண்ணையைத் தொங்கச் சொல்லுங்கோ" என்றார் வேலை செய்தவர், பகிடியாக.

"தொங்குங்கோ" என்றேன் கணவரிடம்.

"விசரே உமக்கு?"

"தொங்குங்கோ."

மேசையில் ஏறி, கொளுக்கியில் ஒரு கயிற்றைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். கால்கள் மேசைக்கு மேலே ஆடின.

"தொங்கினது காணுமே?"

"காணாது."

"அம்மா, அப்பாக்குக் கை நோகும்."

"நோகட்டும்."

மகள் மெதுவாக உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்திக் கொளுக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அசையேல்லை" என்றாள்.

அதன் பிறகுதான் அவரை இறங்கச் சொன்னேன்.