முத்துவீரன் பல்லால் கேட்கிறார்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியைப் பற்களால் கவ்வியிருக்கிறார். அதன் முனை சைலன்சரின் வயிற்றில் பதிந்திருக்கிறது. இரண்டு காதுகளிலும் விரல். கண்கள் மூடியிருக்கின்றன. புல்லட் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதன் அதிர்வில் முத்துவீரனின் கன்னமும் மீசையும் சேர்ந்து ஆடுகின்றன. ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் இப்படி இருப்பார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்.

"இருமுது. பைப்பு இருமக்கூடாது, பேசணும்."

காதால் கேட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"காதுல ஊர்ச் சத்தம் பூராம் வந்து விழுமுங்க. பல்லு வண்டிய மட்டும்தான் கேக்கும்."

அவர் கடை புரோத்ராபூரில், போர்ட் பிளேயருக்குப் போகிற சாலையின் வளைவில், என் வீட்டுக் கதவிலிருந்து நாற்பத்தொரு அடி தூரத்தில் இருக்கிறது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும். பெயர்ப் பலகை கிடையாது. "சத்தம் கேக்குதுல்ல, அப்புறம் போர்டு எதுக்கு?" என்பார். வயது நாற்பத்தேழு. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர் அவருடைய அப்பா. அந்தத் தோட்டத்துத் தமிழும் இந்த ஊர் ஹிந்தியும் முத்துவீரன் வாயில் ஒன்றாகவே வெந்திருக்கும். வலது முன்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். போன மார்ச்சில் எண்ணியபோது பதினொன்று, இன்றைக்குப் பதின்மூன்று.

இங்கே உப்புக் காற்றில் குரோம் பூசிய குழாய் பதினெட்டு மாதம் தாங்குவதே பெரிய விஷயம். அதனால் ஹேடோ துறைமுகத்தில் பழைய படகுகளை உடைக்கும்போது கழற்றிப் போடும் ஸ்டீல் கைப்பிடிக் கம்பிகளைத் தேடி வாங்கி வருவார். நாற்பது வருடம் ஆயிரம் கைகள் பிடித்துத் தேய்ந்த கம்பியை வெட்டி, மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்து, சைலன்சராக்குவார். அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை. அவர் கண்ணால் பார்த்து வெட்டிய ஆறு குழாய்களை நான் டேப் வைத்து அளந்தேன். அவர் சொன்ன நீளத்துக்கும் டேப்புக்கும் வித்தியாசம் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர். சொன்னேன். "டேப்பு பழசாயிருக்கும்" என்றார்.

ஒரு வண்டிக்குப் போட்ட சத்தத்தை இன்னொரு வண்டிக்குப் போடமாட்டார். சத்தத்தை வைத்தே எல்லா வண்டியையும் அடையாளம் சொல்வேன் என்பார். அதையும் நான் சோதித்திருக்கிறேன். ஜூன் நான்காம் தேதி, ஞாயிறு, சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சோறு தின்றபடி அவர் சொல்லச் சொல்ல, நான் பார்த்துக் குறித்தேன். அவர் கைவேலை உள்ள வண்டிகள் ஒன்பது போயின. எட்டு சரி. ஒன்பதாவதுக்கு "டெய்ரி ஃபார்ம் சுதாகர்" என்றார். ஓட்டிப் போனது ஒரு பெண். தவறு என்றேன்.

"அது சுதாகர் வண்டிதான? பொண்டாட்டி எடுத்துட்டுப் போறாங்க. சத்தம் போட்டது பைப்புங்க, ஆளா?"

குறிப்பைத் திருத்த வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அவருக்கு மோட்டார் சைக்கிள் இல்லை. மணி துருப்பிடித்து இறுகிப்போன ஒரு மிதிவண்டியில், "வழி, வழி" என்று வாயால் சொல்லிக்கொண்டே போவார்.

போன ஆகஸ்ட் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, இந்தக் கடைக்கு ஆபத்து வந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் பெயர் பிஸ்வாஸ். கையில் சத்தம் அளக்கும் கருவி. குடியிருப்புக்காரர்கள் எழுதிக் கொடுத்த மனு ஒன்று சட்டைப் பையில் இருந்தது. கடை வாசலில் அப்போது நின்றது நளினியின் புல்லட். நளினி ஹேடோவில் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா; தினமும் போக வர இந்த வளைவுகளில்தான். சத்தம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்: "ஹாரன் அடிச்சா மாடு என்னைத் திரும்பிப் பாக்குது. பைப் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போகுது."

கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. எண்பதைத் தாண்டக்கூடாது என்றார் பிஸ்வாஸ். அவர் வங்காளி, இருவரும் ஹிந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"அடுத்த புதன்கிழமை வருவேன். இதே வண்டி எண்பதுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா வெல்டிங் மிஷின், கிரைண்டர் ரெண்டும் ஜீப்ல ஏறும். கொட்டகைக்குப் பூட்டு."

முத்துவீரன் கெஞ்சவில்லை. "சாப், உங்க ஜீப்பை ஒருதரம் அளந்து காட்டுங்க" என்றார். பிஸ்வாஸ் சிரித்துவிட்டு அளந்தார். எழுபத்தெட்டு. அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து மரகதம், "டீ ஆறுதுங்க" என்றாள். ஜீப் சத்தத்துக்கு நடுவிலும் அது முத்துவீரன் காதில் விழுந்தது. அவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். அளவுகோல் வைத்துக்கொள்ளாத மனிதருக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது.

சத்தத்தை அடக்குவதற்குக் குழாய்க்குள் கண்ணாடி நார் அடைக்க வேண்டும். அது மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். பன்னிரண்டாம் தேதி வர வேண்டிய கப்பல், கடல் சரியில்லாமல் பதினெட்டாம் தேதிதான் வரும் என்று தகவல். பிஸ்வாஸ் வருவது பதினாறு.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் நாரை அடைத்துப் பார்த்தார். நான்காவது நிமிடம் சைலன்சர் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து கொட்டகையை நிறைத்தது. "முத்தண்ணா, இது வண்டியா, சாம்பிராணித் தட்டா?" என்றாள் நளினி, இருமிக்கொண்டே. "பேசாம இரு தங்கச்சி. டென்ஷன் நஹி" என்றார். டென்ஷன் இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு முறை ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகக் கவ்வினார்.

திங்கள் காலை மரகதம் அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் கம்பி நார்; பாத்திரம் தேய்க்க எல்லா வீட்டிலும் வைத்திருக்கும் அந்தச் சுருட்டைக் கம்பிப் பந்து. முத்துவீரன் அதையே பார்த்தார். பிறகு போய்ப் பிடுங்கினார்.

"ஏங்க! சட்டி பாதியில கெடக்கு!"

"இது வேகாது மரகதம்! நெருப்புல போட்டாலும் வேகாது!"

மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனவர், புரோத்ராபூரில் இருந்த மூன்று கடைகளிலும் சேர்த்து இருபத்துமூன்று கம்பி நார் வாங்கி வந்தார். நளினி வீட்டிலிருந்து இரண்டு. மரகதத்தினுடையது ஒன்று. ஆக இருபத்தாறு. மறுநாள் சுதந்திர தினம். தெருவில் பல வீடுகளில் பாயசம். பாத்திரம் தேய்க்கக் கடைக்குப் போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டு சொர்ணம்மா சாம்பலும் தேங்காய் மட்டையுமாக உட்கார்ந்துகொண்டு, வேலிக்கு மேலாகக் கேட்டாள்: "ஏன் மரகதம், உன் வீட்டுக்காரரு வண்டிக்குள்ள சாமான் வெளக்குறாராமே?"

நாரைப் பிரித்து, ஓட்டை போட்ட உள்குழாயைச் சுற்றி அடைத்து மூடி, வண்டியை ஓடவிட்டார். அடுத்தது அளவு. மரகதம் சமையல்கட்டில், பதின்மூன்று அடி தள்ளி, ஜீப் வந்த அன்று நின்ற அதே இடத்தில் நின்று அதே மாதிரிக் கூப்பிட வேண்டும். ஜீப்பின் எழுபத்தெட்டுக்கு நடுவில் கேட்ட அந்தக் குரல் புல்லட்டுக்கு நடுவிலும் அவர் காதில் விழுந்தால் சரி.

"சாப்பிட வாங்க!" என்று கத்தினாள் மரகதம். சாலையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாத. அன்னைக்கு மாதிரி மெதுவா கூப்புடு."

"மெதுவாக் கூப்பிட்டு என்னைக்கு வந்திருக்கீங்க?"

"இன்னைக்கு வரேன். கூப்புடு."

பத்தொன்பது முறை கூப்பிட வைத்தார். ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி நாரை இங்கே தளர்த்தி, அங்கே இறுக்கினார். பதினாறாவது முறை மரகதம், "வராட்டிப் போங்க" என்றாள். அது அவருக்குக் கேட்டது. ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. பத்தொன்பதாவது முறை அவள் களைத்துப்போய், குரலே இல்லாமல், "சாப்பிட வாங்க" என்றாள். முத்துவீரன் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

புதன் காலை பத்து இருபதுக்கு ஜீப் வந்தது. நளினி அரைநாள் லீவு போட்டிருந்தாள். சொர்ணம்மா வேலியோரம் நின்றாள். கருவியைப் பிஸ்வாஸ் மூன்று இடத்தில் பிடித்தார். மரகதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முத்துவீரன் கருவியைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த வெல்டிங் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

எழுபத்தாறு. எழுபத்தேழு. எழுபத்தேழு.

நளினி விசில் அடித்தாள். சொர்ணம்மா, "நாரெல்லாம் வீண் போகல" என்றாள். பிஸ்வாஸ் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மரகதம் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, முத்துவீரன் தோளில் தட்டினார். "சபாஷ். என் ஜீப்பை விட உன் பைப்பு அமைதி." ஜீப் கிளம்பியது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். முத்துவீரன் முகத்தில் மட்டும் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"என்னாது? ஜீப்ப விடக் கம்மியா?"

"பாஸாயிடுச்சுல்ல முத்தண்ணா, விடுங்க."

"எண்பது வரைக்கும் சர்க்காரே குடுத்திருக்கு தங்கச்சி. மூணு சும்மா கெடக்குது."

"அதெல்லாம் இருக்கட்டும், என் நாரு?" என்றாள் மரகதம், டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஜீப் வளைவில் மறைந்தது. முத்துவீரன் குந்தி உட்கார்ந்து, மூன்று திருகாணிகளைக் கழற்றி, சைலன்சருக்குள் குறடு ஒன்றை நுழைத்து ஒரே ஒரு நாரை இழுத்தார். கரி படிந்து கறுத்திருந்தது. தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மூடியைப் போட்டு, வண்டியை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பற்களில் கவ்வி, அதன் முனையைக் குழாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, நாரைக் கவ்விய குறடைச் சமையல்கட்டுப் பக்கம் பின்னால் நீட்டினார்.