பெல்ட்டை அமத்திப் பார்த்தவர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே, பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவுக்கு மருந்து வாங்குவதற்காகக் காரை ஓரங்கட்டினேன். வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக ஒரு முஸ்லிம் நானா வந்து ஜன்னலில் குனிந்தார்.

"மகள், எஞ்சின் கத்துது. நிப்பாட்டிட்டு பொனட்டைத் திறங்க."

காலையில்தான் கண்டியில் ஒரு கராஜில் எஞ்சினுக்குப் புது பெல்ட் போட்டிருந்தேன். இது ஏதோ ஏமாற்று வேலை என்று தோன்றியது. அம்மா பக்கத்தில் இருந்த தைரியத்தில் திறந்தேன்.

அவர் பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் இரண்டு மூன்று தடவை அமத்தினார். ஒவ்வொரு தடவையும் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சமாவது உள்ள போகணும். இது கம்பி மாதிரி இரிக்கி. இப்படியே ஓடினா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஓல்டனேட்டர் பேரிங் போயிரும்."

"உங்க கராஜ் எங்க, நானா?"

"எனக்கு கராஜ் இல்ல. போட்டவங்ககிட்டயே சொல்லித் தளர்த்திக்கங்க."

அவர் எதையும் கேட்கவில்லை. அதனாலேயே என் சந்தேகம் கூடியது. நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பெல்ட்டைத் தளர்த்தவும் இல்லை.

மூன்றாவது வாரம் அலவத்துகொட ஏற்றத்தில் ஏதோ அரைபடும் சத்தம் கேட்டு, கார் நின்றது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், பேரிங் உடைந்துவிட்டது என்றார்.

பாலத்தருகே பலமுறை தேடியும் அவரைக் காணவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் தேடுகிறேன். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் நாளை கார் ஜன்னலில் குனிந்தால், என் கை முதலில் கைப்பையைத்தான் இறுக்கிப் பிடிக்கும்.