வினோவின் பெயரில் ஒரு கீப்பர்

பாலேஸ்வரிக்கு அறுபத்தொரு வயதில் மூன்று கூட்டாளிகள் கிடைத்தார்கள். தாங்கள் விளையாடுவது யாரோடு என்று அந்த மூவருக்கும் தெரியாது.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் அவள். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே கணவர் பொன்னம்பலம் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் வினோதன் படிக்கவென்று மெல்பனுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டில் அவள் தனியே இருந்தாள். காலையில் சமைத்து முடிய ஒன்பது மணி. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் தேவைப்பட மாட்டாள்.

போகும்போது வினோதன் தன் பழைய பிளேஸ்டேஷனை டிவிக்குக் கீழே விட்டுப் போயிருந்தான். "உப்புக்காத்து இதைத் தின்னும் அம்மா. மாசத்துக்கு ஒருக்கா ஓன் பண்ணி ஒரு மணித்தியாலம் விடுங்கோ" என்று சொல்லியிருந்தான். அவளும் மாதம் தவறாமல் போட்டுவிட்டு, முன்னால் கதிரையில் இருந்து தூசி தட்டுவாள். ஒருநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். ஏதோ ஒரு பட்டன் அழுந்த, திரையில் ஃபுட்போல் மைதானம் விரிந்தது. அன்றைக்குப் பதினேழு கோல் வாங்கினாள். அடுத்த நாள் பதினான்கு. மூன்று மாதத்தில் அவளுக்குப் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியத் தொடங்கியது.

பிறகு ஒரு காலை திரையின் மேல் மூலையில் ஓர் அழைப்பு வந்தது. ஜவாத் என்ற பெயர். அவள் கை தட்டுப்பட்டு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. டிவியிலிருந்து ஒரு குரல் சத்தமாக வந்தது.

"வினோ மச்சான்! உசிரோட ஈக்கிறியா? எங்களுக்குக் கீப்பர் இல்ல, வந்து நில்லு!"

ஜவாத், அஷ்பாக், றொஹான். மூவரும் வினோதன் முன்பு வேலை செய்த, ஃபோனில் பதில் சொல்லும் கோல் சென்டரில் இன்னமும் வேலை செய்பவர்கள். பகல் ஒரு மணிக்குத்தான் ஷிஃப்ட் தொடங்கும்; அதற்கு முன் ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை அவரவர் வீட்டிலிருந்து ஒன்றாக விளையாடுவார்கள். ஜவாத் கொட்டாஞ்சேனை, அஷ்பாக் மட்டக்குளி, றொஹான் இரத்மலானை. வினோதன் பிளேஸ்டேஷன் பெட்டியை மெல்பனுக்குக் கொண்டுபோய்விட்டான் என்று நினைத்துவிட்டார்கள். வட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு வரி எழுதுகிறவன், விளையாட்டிலாவது வந்தானே என்று அவர்களுக்குச் சந்தோசம்.

அவள் அப்போதே அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள்: மைக் பழுது. நிமிடத்துக்கு எண்பது சொல் அடித்த விரல்களுக்கு அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

அன்று அவர்கள் வென்றார்கள். "சுப்பர் சேவ் மச்சான்!" என்று றொஹான் கத்தினான். அவள் தனியே இருந்து சிரித்தாள்.

அதன் பிறகு வாரத்துக்கு நாலு நாள் போனாள். ஒன்பது மணிக்குள் சமையலை முடித்து, தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் இருப்பாள். அவர்கள் சிங்களத்தில் திட்டும் தூஷணங்களுக்கு முதலில் காது கூசியது. போகப்போக அது மழைச் சத்தம் மாதிரிப் பழகிவிட்டது. மெல்பனில் குளிரா, என்ன சாப்பிடுகிறாய், பேராசிரியர் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லவென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் மகனிடம் குளிரையும் சாப்பாட்டையும் துருவித் துருவி விசாரிப்பாள். "என்னம்மா, இப்பதான் என்னைப் பற்றி இவ்வளவு அக்கறை" என்று அவன் சந்தோசமாகச் சொல்வான். ஃபோனை வைத்த பிறகு அவளுக்கு முகம் சுடும். ஆனாலும் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு கொன்ட்ரோலர் கையில் இருக்கும்.

ஒரு புதன்கிழமை, விளையாட்டு முடிந்து அஷ்பாக்கும் றொஹானும் போய்விட்டார்கள்.

"வினோ, போயிடாத" என்றான் ஜவாத். "ஒரு விசயம் செல்லோணும். அவனுகளுக்குச் செல்ல ஏலா."

அவள் கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

"வாப்பாக்கு மறதி கூடிட்டு மச்சான். நேத்து குளிக்க வெக்கக் கூட்டிட்டுப் போன. வர ஏலாண்டு கதவப் புடிச்சிட்டு நின்டார். மூணு மணித்தியாலமா இதே பாடு. நான்..." குரல் நின்றது. "கன்னத்துல அடிச்சிட்டேன்டா. வாப்பாவ. அவர் என்னப் பாத்து, 'தம்பி, நீங்க யாரு, ஏன் எனக்கு அடிக்கிற'ண்டு கேட்டார்."

டிவியின் இரு பக்கத்தாலும் ஒரு ஆண்பிள்ளை அழும் சத்தம் அந்தச் சின்ன ஹோலை நிறைத்தது. இது தனக்குச் சொல்லப்பட்டதல்ல என்று பாலேஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்தது. எழும்பிப் போய் வயரைப் பிடுங்க வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் அழுகிறவனை அந்தரத்தில் விட்டுப் போக மனம் வரவில்லை. எழுத்தெழுத்தாக அழுத்தினாள்: வாப்பா பிறகு சாப்பிட்டாரா?

"ஓம்... சாப்பிட்டார். நான்தான் கையால தீத்தின."

அவள் மறுபடியும் அழுத்தினாள்: உதவிக்கு ஒரு ஆளை வை. தனியே இழுக்காதே. நீ நித்திரை கொள்.

"சரி மச்சான்" என்றான் அவன். "உன்னட்டச் செல்லினதே பெரிய ஆறுதல்."

ஞாயிற்றுக்கிழமை வினோதன் வழக்கத்துக்கு முந்தியே ஃபோன் எடுத்தான்.

"அம்மா, அந்தப் பிளேஸ்டேஷனை நீங்கள் ஓன் பண்றனீங்களா?"

அவள் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "ஏன்?"

"ஆரோ என்ர அக்கவுண்டுக்குள்ள பூந்திருக்கினம். என்ர பேரில பெடியளோட விளையாடி இருக்கிறாங்கள். ஜவாத் எனக்கு நன்றி சொல்லி வொய்ஸ் அனுப்பியிருக்கிறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"நான்... மாசத்துக்கு ஒருக்காப் போட்டுத் தூசி தட்டுறனான். வேற ஒண்டும் தெரியாது."

சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் அதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை.

"அப்ப ஹேக்கர்தான். பாஸ்வேர்டை மாத்திப்போட்டன். ஜவாத் பாவம் அம்மா. ஆரோ கள்ளனிட்டத் தன்ர வீட்டு விசயமெல்லாம் சொல்லிப்போட்டானாம். ரெக்கோர்ட் பண்ணி எங்கயாவது போட்டுடுவாங்களோ எண்டு பயந்துபோய்க் கிடக்கிறான்."

அந்தக் கிழமை முழுவதும் அவள் டிவி போடவில்லை. மார்க்கட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு, வாங்காமலே வந்துவிட்டாள். மீன்காரர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். தெரிந்தவர்கள் யாராவது எதிர்ப்பட்டால் தன் முகத்தில் எழுதியிருப்பது போலக் குனிந்துகொண்டாள். அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை மகனுடைய பெயரைப் போட்டுக்கொண்டு, பெடியன்களின் கதையை ஒட்டுக் கேட்டிருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. பிடிபடும் நேரம் வந்ததும் இல்லாத கள்ளன் ஒருவனை உண்டாக்கி, அந்தப் பிள்ளையை அவனுக்குப் பயப்பட வைத்துவிட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் காலை, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள்.

ஜவாத் வினோதனோடு நாலைந்து தரம் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டவன். ஒருமுறை அவனைக் கொட்டாஞ்சேனையில் கொண்டுபோய் இறக்கும்போது அவளும் காரில் இருந்ததால் வீடு தெரியும். கதவைத் திறந்தவன் திடுக்கிட்டான்.

"ஆன்டி! வினோக்கு ஏதும்...?"

"இல்லைத் தம்பி. அவர் சுகமாய் இருக்கிறார்."

உள்ளே, சாய்வுக் கதிரையில் வெள்ளைத் தொப்பியோடு அவனுடைய வாப்பா இருந்தார். "யாரு வந்தீக்கி?" என்றார். "வாப்பா, இது வினோட உம்மா" என்றான் ஜவாத். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, சற்று நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்த சொற்களில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தம்பி, அது ஹேக்கர் இல்லை. நான்தான்."

"எது ஆன்டி?"

"கீப்பர்."

அவனுக்குப் பிடிபட நேரமெடுத்தது. சிரிக்கப்போகிறவன் மாதிரி வாய் கோணியது. பிறகு கண் வாப்பாவின் பக்கம் போய்த் திரும்பியது.

"அப்ப... அந்தப் புதன்கிழமை?"

"ஓம்."

அவன் எழும்பிக் குசினிக்குப் போனான். தண்ணி டெப்பைத் திறந்த சத்தம் கேட்டது. வெகு நேரம் மூடப்படவில்லை. வாப்பா மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளி, "தின்னுங்க மகள்" என்றார். அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

ஜவாத் முகம் கழுவி வந்தான். உட்காரவில்லை.

"நான் அத உங்களுக்குச் செல்லல்ல ஆன்டி."

"ஓம் தம்பி."

"வினோக்குத்தான் செல்லின."

"தெரியும். நான் செய்தது பெரிய பிழை. மகனிட்டயும் நானே சொல்லுறன். நீங்கள் ஒருத்தருக்கும் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லத்தான் வந்தனான். நான் ஆரிட்டயும் வாய் திறக்க மாட்டன்."

அவன் பிஸ்கட் தட்டை வாப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தான். "வாப்பா சாப்பிட்டாராண்டு கேட்ட நேரமே எனக்கு விளங்கி ஈக்கோணும்" என்றான் பிறகு. "வினோ அப்பிடிக் கேக்க மாட்டான்."

அது குற்றச்சாட்டா வேறு எதுவுமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எழும்பினாள். அவன் வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க ஆன்டி" என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. வந்தவரை அப்படி வெறுமையாய் அனுப்பியது அந்த வீட்டில் ஒருநாளும் நடந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வினோதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்கள் கீப்பரோ? நீங்களோ?" சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"அப்ப நான் கேட்ட நேரம் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"வெக்கமாய் இருந்துது மகன்."

"மாசக்கணக்காய் என்னட்ட ஒவ்வொண்டாய்க் கேட்டது, குளிர், சாப்பாடு... எல்லாம் அதுக்கோ?"

"முழுக்க அதுக்கில்லை" என்று அவள் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் இனி அவள் சொல்லும் உண்மையை அவன் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்த ஞாயிறு அவனிடமிருந்து ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எடுத்து, பரீட்சை பற்றிக் கதைத்தான். இன்னும் இரண்டு கிழமை போக, தானாகவே, "உங்கட பேரில ஒரு அக்கவுண்ட் திறந்து தாறன். விளையாடுறதெண்டால் நீங்களா விளையாடுங்கோ" என்றான். வேண்டாம் என்றாள். அவன் திறந்து அனுப்பிவிட்டான். முன்பக்கத்தில் பாலேஸ்வரி என்ற முழுப் பெயர்.

முன்பின் தெரியாத ஆட்களோடு சில நாள் விளையாடிப் பார்த்தாள். அவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் வருவார்கள், முடிந்ததும் மறைந்துவிடுவார்கள். ஜவாத்தின் பெயரைத் தேடி எடுத்து, அதற்கு மேல் ஒன்றும் அழுத்தாமல் மூடினாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை அழைப்பு வந்தது. அனுப்பியவன் றொஹான்.

"ஆன்டி, வணக்கம். வினோ சொன்னான், நீங்கதான் அந்தக் கீப்பர் எண்டு. எங்களுக்கு இண்டைக்கும் ஆள் இல்ல. வர ஏலுமா?"

இந்த முறை அவளுடைய மைக் பழுதாய் இருக்கவில்லை. "ஓம் தம்பி" என்றாள். தன் குரல் அந்நியமாகக் கேட்டது.

ஜவாத்தும் இருந்தான். பெயர் திரையில் தெரிந்தது; அவன் வாய் திறக்கவில்லை. விளையாட்டு தொடங்கியது. யாரும் கத்தவில்லை. யாரும் திட்டவில்லை. முதல் கோல் உள்ளே போனபோது "பரவால்ல ஆன்டி" என்றான் அஷ்பாக். இரண்டாவதுக்கும் அதையே சொன்னான். கோயிலில் செருப்பைக் கழற்றி வைத்ததுபோல மூவரும் தங்கள் தூஷணங்களை எல்லாம் வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருவன் வாயிலும் மச்சான் என்ற சொல் வரவில்லை. அவளுக்குக் கண் கரித்தது. அந்தச் சொல்லை எதிர்பார்க்கத் தனக்கு என்ன உரிமை என்று தன்னையே கேட்டுக்கொண்டு பந்தைப் பார்த்தாள்.

கடைசி நிமிடங்களில் எதிராளி இடது பக்கத்தால் ஓடி வந்தான்.

"இடது பக்கம் ஆன்டி" என்றான் ஜவாத். அன்றைக்கு அவன் சொன்னது அவ்வளவுதான்.

அவள் இடது பக்கம் பாய்ந்தாள்.